ஹைட்ரஜன் இன்ஜினில் கரும்புகை வராது: காற்றுக் கோளாறு, பேக்ஃபயர், ப்ரீ-இக்னிஷன் – கேள்வி பதில்

ஹைட்ரஜனை எரித்து ஓடும் இன்ஜின்களில் காற்றுப் பாதைக் கோளாறும் முறைதவறிய எரிதலும் மட்டுமே இன்றைய பொருள். பேக்ஃபயர் என்றால் தீ இன்டேக் குழாய்க்குள் திரும்பி வெடிப்பது; ப்ரீ-இக்னிஷன் என்றால் பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது. பதில்களுக்கு முன் ஓர் எச்சரிக்கை. எந்த ஹோஸைக் கழற்றுவதானாலும் ஹைட்ரஜன் வால்வை மூடி, லைனில் மிச்சம் இருப்பதை நைட்ரஜன் விட்டு வெளியேற்றிய பிறகே ஸ்பானரை எடுங்கள். ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

சங்ககிரி, லாரி பட்டறை: டீசல்ல ஏர் ஃபில்டர் அடைச்சா கரும்புகை தள்ளும், உடனே தெரிஞ்சுரும். ஹைட்ரஜன் வண்டியில எதை வச்சுக் கண்டுபிடிக்கிறதுங்க?

புகையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதுங்க. எரிபொருளில் கரி இல்லை, அதனால் புகையும் இல்லை. டீசலில் காற்று குறைந்தால் வண்டியே காட்டிக்கொடுத்துவிடும். இதில் காற்று குறைந்தால் கொஞ்ச நேரத்துக்கு இன்ஜின் நன்றாக ஓடுவது போலவே இருக்கும்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் முழுதாக எரிய 34.3 கிலோ காற்று போதும். அந்த அளவை லாம்டா 1 என்கிறோம், அதைப் போல் இரு மடங்கு காற்று என்றால் லாம்டா 2. ஆனால் இந்த இன்ஜின்களை லாம்டா 2 முதல் 2.5 வரை, அதற்கு மேலும் வைத்து ஓட்டுகிறார்கள். மிச்சக் காற்று எரிவதற்காக அல்ல, சூட்டைத் தணிப்பதற்காக. லாம்டா 2-க்குக் கீழே இறங்கினால் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு) மளமளவென்று ஏறும், கூடவே பேக்ஃபயரும் ப்ரீ-இக்னிஷனும் வரும்.

கணக்காகவே பார்ப்போம். 6 லிட்டர் இன்ஜின், 1500 ஆர்பிஎம், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம் 180 கிலோ பாஸ்கல் (வளியழுத்தமும் சேர்த்து), காற்றின் சூடு 50 டிகிரி, சிலிண்டர் நிரம்பும் திறன் 90 சதவீதம். மணிக்கு ஏறக்குறைய 472 கிலோ காற்று உள்ளே போகும். மணிக்கு 5.5 கிலோ ஹைட்ரஜன் கொடுத்தால் லாம்டா 2.5. இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் விரிசல் விட்டு 20 சதவீதக் காற்று வெளியே போகிறது, ஈசியூ (இன்ஜினின் கணினி) அதைக் கவனிக்காமல் அதே 5.5 கிலோவைக் கொடுக்கிறது என்றால் லாம்டா 2.0. ஓட்டுநருக்குப் பிக்கப் குறைந்ததாகக்கூடத் தோன்றாது. அதனால் மீட்டர்களைத்தான் பார்க்க வேண்டும். எந்த மீட்டர் என்பது அடுத்த கேள்வியிலேயே வருகிறது.

கருப்பூர், இன்ஜினியரிங் மாணவி: சார், ஏர் ஃப்ளோ மீட்டர், மேப் சென்சார் ரெண்டும் இருக்கு. ரெண்டும் வேற வேற சொன்னா எதை நம்பணும்?

நல்ல கேள்விம்மா. ஃப்ளோ மீட்டர் உள்ளே வரும் காற்றை நேராக அளக்கும்; மேப் சென்சார் மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும், அதிலிருந்து காற்றைக் கணக்கிடுவோம். இரண்டையும் தனியாக நம்பாதே. மூன்றாவது சாட்சி ஒன்று வேண்டும், அது சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் அளவு. கொடுத்த ஹைட்ரஜன் தெரியும், மிஞ்சிய ஆக்சிஜன் தெரியும் என்றால் உள்ளே போன காற்றைப் பின்னாலிருந்து கணக்கிட்டுவிடலாம். லாம்டா 2-இல் ஈரத்தோடு அளந்தால் 9.5 சதவீத ஆக்சிஜன், நீராவியை நீக்கி அளந்தால் 11.7. லாம்டா 2.5-இல் 11.6, 13.8. உன் கருவி ஈரத்தோடு அளக்கிறதா, உலர்த்தி அளக்கிறதா என்று முதலில் பார். இதைக் கலந்துவிட்டால் எல்லாமே தப்பாகும். பெட்ரோலுக்கு அளவுதிருத்தம் செய்த வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் காட்டும் லாம்டாவையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

இனி மூன்றையும் ஒப்பிடு. டர்போவுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே லீக் என்றால் ஃப்ளோ மீட்டர் அதிகம் காட்டும், மேப் கணக்கும் ஆக்சிஜன் கணக்கும் சேர்ந்து குறைவாகச் சொல்லும். ஆபத்தானது இதுதான், ஏனென்றால் ஃப்ளோ மீட்டரை நம்பி ஓடும் ஈசியூ இல்லாத காற்றுக்கு ஹைட்ரஜன் கொடுக்கும். மீட்டருக்கும் டர்போவுக்கும் நடுவே லீக் என்றால் நேர்மாறு: மீட்டர் மட்டும் குறைவாகக் காட்டும். மீட்டருக்குள் காற்றை அளக்கும் கம்பியில் அழுக்குப் படிந்தாலும் இதே அடையாளம்தான். இரண்டையும் பிரிக்க ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ஹோஸைக் கழற்றி உள்சுவரை விரலால் தடவிப் பார். லீக் இருந்தால் இணைப்பு இடத்திலிருந்து டர்போ வரை கோடு போட்ட மாதிரி தூசி ஒட்டியிருக்கும். கம்பி அழுக்கு மட்டும் என்றால் ஹோஸ் சுத்தமாக இருக்கும்.

மூன்றும் ஒத்துப்போய், மூன்றும் குறைவு என்றால் ஃபில்டர் அடைப்பு அல்லது டர்போ கோளாறு. மேப் சரி, மீட்டரும் ஆக்சிஜன் கணக்கும் குறைவு, மேனிஃபோல்டு சூடு அதிகம் என்றால் ஈஜிஆர் வால்வு (எரிந்த வாயுவில் ஒரு பங்கை மறுபடி உள்ளே விடுவது) திறந்தபடி சிக்கியிருக்கிறது. சூடு ஏறாமல் அதே அடையாளம் வந்தால் இன்டேக் வால்வையோ கேம் தேய்மானத்தையோ பார்.

ஒன்றை மறக்காதே. ஹைட்ரஜனை இன்டேக் போர்ட்டில் செலுத்தும் இன்ஜினில் அந்த வாயுவே காற்றின் இடத்தைப் பிடிக்கும். லாம்டா 2.5-இல் கன அளவில் 14 சதவீதம், லாம்டா 2-இல் 17. மேப் கணக்கில் இதைக் கழிக்காவிட்டால் இல்லாத லீக்கைத் தேடிக்கொண்டிருப்பாய். சிலிண்டருக்குள் நேரடியாக, வால்வு மூடிய பிறகு செலுத்தும் இன்ஜினில் இந்தக் கழிவு வேண்டாம்.

மேக்னசைட் பக்கம், டிப்பர் ஓட்டுபவர்: வெள்ளைத் தூசி ஃபில்டரை ரெண்டே வாரத்துல அடைக்குது. கம்ப்ரசர் காத்துல ஊதிப் போடலாமுங்களா?

வேண்டாம்ங்க. ஊதும்போது காகிதத்தின் நுண்துளை பெரிதாகிவிடும், மாவு போன்ற அந்தத் தூசி நேராக ஃப்ளோ மீட்டர் கம்பியில் போய் ஒட்டும். மாற்றிவிடுங்கள். பெரிய டீசல் இன்ஜின்களில் ஃபில்டர் அடைப்புக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை 25 அங்குல நீர்மட்டம், சுமார் 6.2 கிலோ பாஸ்கல். ஹைட்ரஜன் வண்டியில் அதுவரை காத்திருக்காதீர்கள். புது ஃபில்டர் போட்ட அன்று முழு லோடில் என்ன காட்டியது என்று குறித்து வைத்து, அது இரண்டு மடங்கானதும் மாற்றுங்கள்.

கொண்டலாம்பட்டி: தண்ணியில ஓடுற ஹெச்ஹெச்ஓ கிட் போட்டா மைலேஜ் கூடுமா?

கூடாது. ஹெச்ஹெச்ஓ என்பது தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலவை. நிமிடத்துக்கு 1 லிட்டர் வாயு தரும் கிட்டில் ஹைட்ரஜன் மூன்றில் இரண்டு பங்கு, எடை சுமார் 0.056 கிராம். அதன் எரிசக்தி 112 வாட்தான். அதைத் தயாரிக்க ஆல்டர்னேட்டரிலிருந்து அதைவிட அதிக மின்சாரம் எடுக்க வேண்டும், அந்த மின்சாரமும் டீசலிலிருந்துதான் வருகிறது. அந்த வாயுவில் ஆக்சிஜனும் சேர்ந்தே இருப்பதால் ஹோஸுக்குள்ளேயே வெடிக்கும்.

ஏற்காடு மலைப்பாதையில் வேன் ஓட்டுபவர்: கீழ சேலத்துல ஒழுங்கா ஓடுது. மேல போனா டக் டக்னு சத்தம், இறங்கும்போது ஒரு டமார். 20 கொண்டை ஊசிதான் காரணமா?

வளைவு காரணம் இல்லை, உயரம்தான் காரணம். சேலத்தில் வளியழுத்தம் சுமார் 98 கிலோ பாஸ்கல், 1500 மீட்டர் உயரத்தில் சுமார் 85. உங்கள் டர்போ கட்டுப்பாடு வளியழுத்தத்துக்கு மேல் 80 என்று வைத்திருந்தால் கீழே 178, மேலே 165. காற்று 7 சதவீதம் குறைந்து, லாம்டா 2.5 என்பது 2.3 ஆகிவிடும். லாம்டா 2-க்கு மேலே இருந்தாலும், மேட்டில் முழு மிதியில் போகும்போது அதுவே சத்தத்துக்குக் காரணமாகலாம். வளியழுத்த சென்சார் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இக்னிஷன் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்த்தால் மேப் சென்சாரும் வளியழுத்த சென்சாரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். 2 கிலோ பாஸ்கலுக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒன்று பழுது.

டமார் சத்தம் வேறு கதை. நீண்ட இறக்கத்தில் மிதியை விட்டு வரும்போது த்ராட்டில் மூடியிருந்தால் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகி, ரிங் வழியாகவும் வால்வு சீல் வழியாகவும் ஆயிலை உறிஞ்சும். மறுபடி மிதித்ததும் அந்த ஆயில் துளி கங்கு மாதிரி நின்று முதல் சுற்றையே பற்றவைக்கிறது. வால்வு சீலையும் கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பெட்டி) காற்றுக் குழாயில் உள்ள ஆயில் பிரிப்பானையும் பாருங்கள். மிதித்தவுடன் முழு ஹைட்ரஜன் கொடுக்காமல் முதல் சில சுற்றுகளை லாம்டா 3-க்கு மேல் வைத்து ஏற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஓமலூர்: பழைய டீசல் வண்டிக்கு ஹெச்ஹெச்ஓ போடலாமா சார்?

கொண்டலாம்பட்டிக்காரருக்குச் சொன்னதுதான்.

ஜெனரேட்டர் மெக்கானிக், ஐந்து ரோடு: போர்ட் இன்ஜெக்‌ஷன், நாலு சிலிண்டர், சிஎன்ஜியிலிருந்து மாத்தினது. வாரத்துக்கு ஒரு பேக்ஃபயர். மேப் கிராஃப்ல ஒண்ணுமே தெரியல.

கிராஃபில் தெரியாததற்குக் காரணம் எவ்வளவு இடைவெளியில் பதிகிறீர்கள் என்பதுதான். 1500 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப 0.11 மில்லி வினாடி. 10 மில்லி வினாடிக்கு ஒரு முறை பதிந்தால் 90 டிகிரிக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும், அழுத்தத் துள்ளல் நடுவிலேயே வந்து போய்விடும். கிராங்க் சென்சாரோடு இணைத்து 6 டிகிரிக்கு ஒரு முறையாவது பதியுங்கள். எந்தச் சிலிண்டரின் இன்டேக் வால்வு திறந்திருந்தபோது துள்ளியது என்று பார்த்தால் எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிடும்.

பிறகு இந்த வரிசையில் பாருங்கள். சிஎன்ஜியில் இருந்த வேஸ்ட் ஸ்பார்க் காயில் இன்னும் இருக்கிறதா? அது எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் நேரத்திலும் ஒரு பொறி விடும். பெட்ரோலுக்கு ஏறக்குறைய 0.24 மில்லி ஜூல் பொறி வேண்டும், ஹைட்ரஜனுக்கு 0.02 போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி காயில் போடுங்கள். அடுத்தது இன்ஜெக்‌ஷன் நேரம்: இன்டேக் வால்வு திறந்து எக்ஸாஸ்ட் வால்வு மூடி, கொஞ்சம் வெறுங்காற்று உள்ளே போய் சூடான இடங்களைக் குளிர்வித்த பிறகே ஹைட்ரஜன் வர வேண்டும். இன்டேக் வால்வு மூடும் முன் நின்றும்விட வேண்டும், போர்ட்டில் மிச்சம் தங்கக் கூடாது. மூன்றாவது இன்ஜெக்டர் கசிவு. ஹைட்ரஜனுக்கு வழவழப்பு கிடையாது, ஊசியும் இருக்கையும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பேக்ஃபயர் ஆன ஒவ்வொரு முறையும் ஹோஸ் கிளாம்ப், ஃபில்டர் பெட்டி மூடி, ஃப்ளோ மீட்டர் மூன்றையும் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் வெடிப்பு கிளாம்பைத் தளர்த்தும், தளர்ந்த கிளாம்பில் காற்று போகும், லாம்டா இறங்கும், அடுத்த வெடிப்பு வரும். வாரத்துக்கு ஒன்று என்பது நாளுக்கு ஒன்றாவது இப்படித்தான்.

அம்மாபேட்டை, பெட்ரோல் இன்ஜின் மெக்கானிக்: அண்ணே, இத்தனை அலசல் எதுக்கு? பொறி டைமிங்கை நாலு டிகிரி பின்னால தள்ளினா சத்தம் நின்னுரும். பெட்ரோல்ல அதானே செய்யறோம்.

தம்பி, பெட்ரோலில் நீங்கள் நிறுத்துவது நாக்கிங். அது பொறிக்குப் பிறகு, மிச்சக் கலவை தானாக வெடிப்பதால் வருவது. ப்ரீ-இக்னிஷன் பொறிக்கு முன்பே பற்றிக்கொள்வது. பொறியைத் தள்ளி வைத்தால் அதற்கு என்ன ஆகும்?

அம்மாபேட்டை: தள்ளினப்போ ரெண்டு நாள் சத்தம் வரல. கண்ணால பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். டைமிங் தள்ளினால் எரிதல் தாமதமாகும், எக்ஸாஸ்ட் சூடு ஏறும், எக்ஸாஸ்ட் வால்வு முன்பைவிடச் சூடாகும். ப்ரீ-இக்னிஷனுக்குத் தீ மூட்டும் இடங்களில் அதுவும் ஒன்று.

அம்மாபேட்டை: அப்ப எது நாக்கிங், எது ப்ரீ-இக்னிஷன்னு எப்படிப் பிரிக்கிறது? ரெண்டும் காதுக்கு ஒண்ணுதான்.

அதற்காகத்தான் காதை நம்ப வேண்டாம் என்கிறேன். சிலிண்டர் அழுத்த சென்சார் இருந்தால் டைமிங்கை 5 டிகிரி மாற்றி உச்ச அழுத்தம் வரும் இடத்தைப் பாருங்கள். உச்சம் கூடவே நகர்ந்தால் எரிதல் பொறியால் நடக்கிறது. நகராமல் டிடிசி-க்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) அருகிலோ முன்போ நின்றால் அது ப்ரீ-இக்னிஷன். உடனே லோடைக் குறையுங்கள். பொறியை நிறுத்திப் பார்க்கும் பழைய சோதனையை இதில் செய்யவே கூடாது, எரியாத ஹைட்ரஜன் சைலன்சரில் சேர்ந்து வெடிக்கும்.

நாக் சென்சார் மட்டும் இருந்தால் 107 மி.மீ போருக்கு (சிலிண்டர் விட்டம்) 5 கிலோ ஹெர்ட்ஸ் வாக்கில் தேடுங்கள். டிடிசி-க்குப் பின் 50 டிகிரி வரை ஒரு ஜன்னல் (அதிர்வைக் கேட்கும் இடைவெளி), பொறிக்கு முன்னால் இன்னொரு ஜன்னல். இரண்டாவதில் அதிர்வு வந்தால் ப்ரீ-இக்னிஷன் என்று சந்தேகப்படலாம். இன்ஜெக்டர் தட்டும் சத்தமும் அங்கே விழும் என்பதால் ஹைட்ரஜன் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, வெறும் தட்டலை முதலில் பதிந்துகொள்ளுங்கள்.

அம்மாபேட்டை: பிளக் நிறத்தைப் பார்த்தா தெரியாதா? வெள்ளையா இருந்தா லீன், காத்து அதிகம்.

இந்தப் பழக்கத்தையும் விடுங்கள். கரியே இல்லாத எரிபொருளில் பிளக் எப்போதும் வெள்ளைதான். பழுப்போ கறுப்போ தெரிந்தால் அது ஆயில். நிறத்தை விட்டு நுனியைப் பாருங்கள்: எலக்ட்ரோடு ஓரம் மழுங்கி உருண்டிருந்தாலோ, பீங்கானில் கடுகளவு உலோக மணி ஒட்டியிருந்தாலோ ப்ரீ-இக்னிஷன் நடந்திருக்கிறது. குளிர்ந்த ரகப் பிளக் போடுங்கள். பிளாட்டினம் நுனி வேண்டாம், அது ஹைட்ரஜன் எரிவதைத் தூண்டும். இதற்குப் பிறகும் டைமிங் தள்ளுவது பற்றிக் கேள்வி வந்தால் பதில் இந்தப் பகுதியிலேயே இருக்கிறது.

கருப்பூர் மாணவி: அயான் கரன்ட் முறையில பிளக்கையே சென்சாராக்க முடியாதா சார்?

அயான் கரன்ட் என்பது தீயில் உண்டாகும் அயனிகள் பிளக் இடைவெளியில் கடத்தும் மின்னோட்டத்தை அளப்பது. பெட்ரோல், சிஎன்ஜியில் தீ முகப்பில் அயனிகளைத் தருவது கரிமச் சேர்மங்கள். ஹைட்ரஜனில் அவை இல்லாததால் சிக்னல் மெலிந்துவிடும், லீனாக ஓடும்போது இன்னும் மெலியும். துணைக்கு வைத்துக்கொள், தனியாக நம்பாதே.

ஆத்தூர்: ஃப்யூயல் செல் பஸ்ஸில் கம்ப்ரசர் சத்தம் வருகிறது.

அது வேறு துறை. ஃப்யூயல் செல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வாழப்பாடி: ஆயில் டிப்ஸ்டிக்கில் மோர் மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

ஹைட்ரஜன் எரிந்தால் வருவது தண்ணீர், அது ரிங் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. கூலன்ட் குறைந்திருக்கிறதா என்று பார்த்து ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தை முதலில் நீக்குங்கள். அதே வழியில் எரியாத ஹைட்ரஜனும் கிராங்க்கேஸுக்குப் போகும், காற்றில் 4 சதவீதம் ஆனாலே பற்றும். கிராங்க்கேஸ் காற்றோட்டக் குழாயை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.

சங்ககிரி, லாரி பட்டறை: டர்போவுக்குப் பிறகு லீக் இருக்கான்னு பட்டறையிலயே பார்க்க வழி சொல்லுங்க.

ஹைட்ரஜன் வால்வை மூடி, லைனை நைட்ரஜனால் கழுவி, இன்ஜின் ஆறிய பிறகு தொடங்குங்கள். டர்போவின் காற்று வாயை மூடியால் அடைத்து, ரெகுலேட்டர் வழியாகக் கம்ப்ரசர் காற்றைக் கொடுங்கள். முதலில் 20 கிலோ பாஸ்கல், பிறகு மெல்ல வழக்கமான பூஸ்ட் வரை, அதைத் தாண்ட வேண்டாம். ஹோஸ் மடிப்பு, கிளாம்ப், இன்டர்கூலர் மூலை, த்ராட்டில் கேஸ்கெட் என்று சோப்புத் தண்ணீர் தடவி வாருங்கள். திறந்திருக்கும் வால்வு வழியாகக் கொஞ்சம் காற்று போவது இயல்பு, அந்தச் சீறல் சைலன்சரிலோ ஆயில் மூடியிலோ கேட்கும், அதை லீக் என்று எடுக்காதீர்கள். ஆயில் மூடியில் பலமாக வந்தால் ரிங்கைப் பாருங்கள். ஓடி ஆறிய பிறகு கிளாம்பை மறுபடி ஒரு முறை முறுக்குங்கள், ரப்பர் சூட்டில் அமுங்கித் தளரும். கடைசியாக முழு லோடில் ஃப்ளோ மீட்டர் எண்ணையும் மேப் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து, தேதியோடு ஃபில்டர் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள்.