பேஸ்புக்கில் பக்கம் பக்கமாக, வகுப்பில் ஒரு வரி

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் புவியியல் படிக்கிறேன். பேஸ்புக்கில் யாராவது எங்கள் ஊரைப் பற்றிப் பிழையாக எழுதினால் விடாமல் பின்னூட்டம் போடுவேன். பட்ச் வட்ஸ்அப் குழுவிலும் அதிகம் கதைப்பது நான்தான். ஆனால் பாடங்களுக்கான இணையத் தளமான மூடிலில் (Moodle) வாராந்தக் கலந்துரையாடல் வந்தால் "நானும் இதை ஏற்றுக்கொள்கிறேன்" என்பதற்கு மேல் கை ஓடுவதில்லை. அதற்குப் புள்ளியும் உண்டு. இரண்டும் எழுத்துத்தானே, ஏன் இப்படி?
- வாசகி, உரும்பிராய்

அன்புள்ள தங்கச்சி,

பேஸ்புக்கில் நீங்கள் ஓர் ஆளுக்குப் பதில் சொல்கிறீர்கள். அவர் சொன்ன ஒரு வசனம் சுடுகிறது, உடனே எழுத வருகிறது. மூடிலிலோ புள்ளி போடுகிற விரிவுரையாளருக்கு எழுதுகிறீர்கள். அவருக்குத் தெரியாத எதை நான் சொல்லப்போகிறேன் என்ற நினைப்பு வந்தால் யாருக்கும் கை நிற்கத்தான் செய்யும்.

அதனால் விரிவுரையாளரைக் கொஞ்சம் மறந்துவிட்டு, வகுப்பில் ஒருவர் எழுதியதில் ஒரு வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றிய கலந்துரையாடல் என்று வைப்போம். "உரப் பாவனையால் கிணறுகளில் நைத்திரேற்று கூடுகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன் என்றால் கதை அதோடு சரி. இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் கிணறும் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான். ஆனால் உரம் மட்டும்தான் காரணமா? எங்களுடையது சுண்ணக்கல் நிலம். மலசலகூடக் குழியில் இருந்து ஊறுவதும் கிணற்றுக்குத்தானே போகும்? எது எவ்வளவு என்று எப்படிப் பிரித்தறிவது?" குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதையும் சேர்த்துவிட்டால், அடுத்து வருபவர் தன் ஊர்க் கிணற்று அளவைத் தேடிக்கொண்டு வருவார். உரும்பிராயில் இருக்கிற உங்களுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும்.

முதலில் ஒரு சிநேகிதிக்கு வட்ஸ்அப்பில் சொல்வதுபோல எழுதுங்கள். அப்புறம் அதையே எடுத்து, காரணம் ஒன்று சேர்த்து, மூடிலில் போடுங்கள். பிழை விட்டுவிடுவேனோ என்று பயம் இருந்தால், அனுப்பிய பிறகும் திருத்த அங்கே வழக்கமாக 30 நிமிடம் உண்டு. சில கலந்துரையாடல்களில் நீங்கள் எழுதிய பிறகுதான் மற்றவர்களின் பதில் தெரியும். பார்த்து எழுதாமல் சொந்தமாக யோசிக்க வைக்கும் ஏற்பாடு அது.

வட்ஸ்அப் குழுவில் பின்னேரம் கேட்ட நல்ல கேள்வி, விடிவதற்குள் நேரசூசிக்கும் பிறந்தநாள் படங்களுக்கும் கீழே போய்விடும். பேஸ்புக்கில் ஆரவாரம் கூடியதுதான் மேலே வரும். மூடிலில் ஒரு கேள்விக்கு மூன்று நாள் கழித்துப் பதில் எழுதினாலும் அது அந்தக் கேள்விக்குக் கீழேயே இருக்கும், பரீட்சைக்கு முதல் தேடி எடுக்கலாம். ஆறுதலாக யோசிக்கிற பிள்ளைக்கும், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்கும், இரவு டேட்டாவில் மட்டும் இணையத்துக்கு வருகிற பிள்ளைக்கும் அங்கே இடம் இருக்கிறது. வேகமாகக் கதைப்பவர்களுக்கு மட்டுமே இடம் கிடைக்கிற காலத்தில் இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். உங்களைப் போல் சரளமாக எழுதுகிறவர்கள் அங்கே ஒரு வரியோடு போய்விட்டால் அந்தப் பிள்ளைகள் யாரோடு கதைப்பார்கள்?

ஒன்றை மட்டும் பேஸ்புக்கில் இருந்து கொண்டுவராதீர்கள்: விடாமல் போட்டு ஆளை மடக்குகிற சூடு. வகுப்பில் நீங்கள் மறுப்பது அந்தப் பிள்ளை சொன்ன கருத்தை. திங்கட்கிழமை பக்கத்துக் கதிரையில் இருக்கப்போவதும் அதே பிள்ளைதான்.

புள்ளி எதற்கு என்று விரிவுரையாளரிடமே கேளுங்கள், பதிவுகளின் எண்ணிக்கைக்கா, மற்றவர்களுக்கு எழுதும் பதிலுக்கா என்று. இந்த வாரம் மூடிலைத் திறந்ததும், ஒருத்தரும் பதில் போடாமல் விட்ட பதிவு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு முதலில் எழுதுங்கள்.