ஜெர்மனியில் மருந்து வேதியியல்: டாக்கிங் மட்டும் போதுமா?

தம்பி, பி.ஃபார்ம் முடித்துவிட்டு இங்கே மருந்து வேதியியல் முதுகலைக்கு வருகிறீர்கள். ப்ராஜெக்டில் செய்த டாக்கிங்கை (மருந்து மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பதை) வைத்தே ஒப்பேற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் திணறுவது ஆர்கானிக் வேதியியலிலும், மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். நிறமாலையிலும்தான்.

மருந்து எவ்வளவு நன்றாகப் பிணையும் என்று கணினி தரும் டாக்கிங் ஸ்கோரை இங்கே யாரும் அப்படியே ஏற்க மாட்டார்கள். மைனஸ் 9.2-க்கும் மைனஸ் 8.7-க்கும் உள்ள வித்தியாசம், கணக்கின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். புரதத்தின் படிக அமைப்பில் இருந்த லிகண்டையே (புரதத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறு) எடுத்துத் திரும்பப் பொருத்தினீர்களா, ஆர்.எம்.எஸ்.டி. (பழைய இடத்திலிருந்து விலகிய சராசரி அளவு) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்ததா, புரதத்திலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் புரோட்டானை எந்த நைட்ரஜனில் வைத்தீர்கள், தண்ணீர் மூலக்கூறுகளை ஏன் நீக்கினீர்கள் என்று குடைவார்கள்.

லேபில் அடிக்கடி வருவது அமைடு இணைப்பு, அதாவது அமிலத்தையும் அமீனையும் சேர்ப்பது. டி.எம்.எஃப். என்ற கரைப்பானில், மோல் கணக்கில் அமிலம் 1 பங்கு என்றால், அமிலத்தைத் தூண்டிவிடும் ஹாட்டு (HATU) 1.1, டி.ஐ.பி.இ.ஏ. என்ற காரம் 2 முதல் 3 பங்கு. ஐந்து பத்து நிமிடம் விட்டுத்தான் அமீனைச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே போட்டால் ஹாட்டு அமீனையே பிடித்துக் குவானிடீனாக்கிவிடும். மாஸ் நிறமாலையில் அமீனைவிட 98 கூடிய பீக் தெரிந்தால் அதுதான். என்.எம்.ஆரில் (குளோரோஃபார்ம்) 8.0, 2.96, 2.88-இல் பீக் வந்தால் டி.எம்.எஃப். போகவில்லை என்று பொருள். எத்தில் அசிடேட்டில் எடுத்து, 5 சதவீத லித்தியம் குளோரைடு கரைசலால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். ஹாட்டு கடும் ஒவ்வாமை தரக்கூடியது. ஃபியூம் ஹுட்டுக்கு (புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டு) வெளியே எடை போடாதீர்கள். பல இடங்களில் பிராக்டிகும் (லேப் பயிற்சி) தொடங்கும் முன் 'அன்டெஸ்டாட்' என்ற வாய்மொழித் தேர்வு உண்டு. இந்த ஆபத்துகளைச் சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கு லேபுக்குள் விடமாட்டார்கள்.

வருமுன் இமாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்தை எப்படி வடிவமைத்தார்கள் என்று எடுத்துப் படியுங்கள். நடு வளையத்தில் ஒரே ஒரு மெத்தில் வைத்ததும் தேவையில்லாத பி.கே.சி. என்ற நொதியின் மீதான செயல் போய்விட்டது. மெத்தில்பைப்பரசின் என்ற வளையம் சேர்ந்ததும் கரைதிறன் கூடியது. டிசைன் என்றால் இப்படிப்பட்ட முடிவுகள்தான்.

அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே வேகாது. பெரும்பாலும் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றிலும் போனால் அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடர்வதே சிக்கலாகிவிடும்.

பணம்: விசாவுக்காகப் போட்டு வைத்து மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. வெளிவேலை வருடத்துக்கு 140 முழு நாட்கள்தான். ஆனால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே செய்யும் 'ஹிவி' (மாணவர் உதவியாளர்) வேலை அந்தக் கணக்கில் சேராது. அதனால் உணவகத்தில் தட்டு கழுவப் போகுமுன் பேராசிரியரின் குழுவில் ஹிவி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.