ஹாலெல்லாம் மூச்சா... டிரெயினர் வேண்டுமா?

கேள்வி: புரோக்கர் மூலம் லாப்ரடார் குட்டி வாங்கிப் பத்து நாளாகிறது. ‘அறுபது நாள் குட்டி’ என்று சொல்லித்தான் கொடுத்தார். கண்ட இடத்தில் மூச்சா போகிறது. மூக்கைத் தரையில் தேய்த்தும் பார்த்தாயிற்று. இப்போது சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு போகிறது. அதே புரோக்கர் அனுப்பிய டிரெயினர், 15 நாளில் பழக்கித் தர 12 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில் (கால்நடை மருத்துவர்):

கொடுக்காதீர்கள். மூக்கைத் தேய்ப்பதையும் இன்றோடு விடுங்கள். அதில் குட்டிக்குப் புரிந்தது ஒன்றுதான்: ‘இந்த அம்மா கண்ணில் படாமல் போக வேண்டும்.’ அதனால்தான் சோபாவுக்குப் பின்னால் போகிறது.

தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும் பால்கனியில் ஒரே மூலைக்குத் தூக்கிப் போங்கள். பழைய பேப்பர் விரித்தால் போதும். போய் முடித்த அந்த நொடியே, அங்கேயே, பட்டாணி அளவு சிக்கன் துண்டு கொடுங்கள். ஹாலுக்கு வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளும். இரண்டு மாதக் குட்டியால் அதிகபட்சம் மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். ராத்திரி ஒரு முறை அலாரம் வைத்து எழுந்துதான் ஆக வேண்டும். தெருவுக்கு மட்டும் இப்போது வேண்டாம். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் வரவைத்து உயிரையே பறிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். 16 வாரம் வரை போடும் ஊசிகள் முடியட்டும்.

போன இடத்தை ஃபினாயில் போட்டுத் துடைக்கிறீர்களா? வாடை நமக்குத்தான் போகும், அதற்குப் போகாது. காலில் பட்டதை நக்கினால் வயிற்றுக்கும் கேடு. வாடையை அடியோடு சிதைக்கும் என்சைம் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, புரோக்கர் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்திலேயே குட்டி படுக்கையை விட்டு நகர்ந்துபோய் மூச்சா போகப் பார்க்கும். கம்பிக்கூண்டில் நகர இடமில்லாமல், தன் கழிவிலேயே படுத்து வளர்ந்த குட்டிக்கு அந்தக் கூச்சமே போய்விடும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-லேயே விதி வந்தது. யார் கேட்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண் திறந்து இரண்டு வாரம்கூட ஆகாததை ‘45 நாள்’ என்று கூசாமல் விற்கிறார்கள். உங்கள் குட்டியின் வாயைத் திறந்து எண்ணுங்கள். எட்டு வாரத்துக்கு 28 பால்பல் இருக்க வேண்டும். பின்பற்கள் இப்போதுதான் முளைக்கின்றன என்றால், அறுபது நாள் கதை பொய். தடுப்பூசிப் புத்தகத்தையும் பாருங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் மட்டும் இருந்து மருத்துவர் கையெழுத்தும் பதிவெண்ணும் இல்லையென்றால், ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் வெளியே போய்விட்டு வரும்போது காதை மடக்கி, குனிந்து, வாலைத் தாழ்த்தி ஆட்டி, மல்லாந்து நாலு சொட்டு விடுகிறதா? அது பழக்கக்கோளாறு இல்லை, பணிவு. ‘நீங்கள் பெரியவர், அடிக்காதீர்கள்’ என்கிறது. திட்டினால் இன்னும் நாலு சொட்டு விடும். கொஞ்சினாலும் விடும்! வந்ததும் இரண்டு நிமிடம் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். மேலே குனியாமல் பக்கவாட்டில் உட்காருங்கள், தானாக வரட்டும். தலையைத் தொடாமல் நெஞ்சைத் தடவுங்கள். அடி வாங்கிய குட்டியிடம் இது கூடுதலாக இருக்கும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும்.

நாளைக்கே குட்டியையும் அந்தப் புத்தகத்தையும் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். சந்தேகமிருந்தால் ஊசியை முதலிலிருந்து போடச் சொல்லுங்கள்.