காரிலேயே நேபாளம் போய் வரலாமா?

கேள்வி: நொய்டாவில் வசிக்கிறோம். டிசம்பர் கடைசியில் விடுமுறைக்குச் சொந்தக் காரில் லும்பினி, போக்ரா போய்வர ஆசை. நான், மனைவி, 16 வயது மகள், 68 வயது அம்மா. என்னென்ன பேப்பர் வேண்டும், எந்த வழியில் போகலாம்? – வாசகர், நொய்டா.

பதில்: தாராளமாகப் போகலாம், விசா தேவையில்லை. ஆனால் தேதியை மாற்ற முடியுமா என்று முதலில் வீட்டில் பேசிப் பாருங்கள், ஏனென்றால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வழியில் வரும் கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி. நானும் அதே மாதத்தில்தான் போனேன். லக்னோ தாண்டி பாராபங்கி பக்கம், விடிகாலை ஐந்தரை மணி, ரோட்டின் வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தபோது திடீரென்று கண்ணாடிக்கு நேர் எதிரே கரும்புத் தோகை. பின்விளக்கே இல்லாத டிராக்டர், இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கிற கரும்பு லோடு. பிரேக் பிடித்து நின்றபோது இடைவெளி ஒரு முழம்கூட இல்லை, பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கரும்பாலைகள் ஓடுகிற மாதங்கள் அவை, இந்த வண்டிகள் ராத்திரி பகலாக ரோட்டில்தான் இருக்கும். அதனால் நவம்பரோ மார்ச்சோ கிடைத்தால் விடாதீர்கள். டிசம்பர்தான் என்றால் பனி விலகியபிறகு வண்டியை எடுங்கள், இருட்டுவதற்குள் ரூம் போட்டுவிடுங்கள்.

வழி சுலபம். யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கிலோமீட்டர், அப்புறம் ஆக்ரா–லக்னோ எக்ஸ்பிரஸ்வே 302. முதல் இரவு லக்னோ, மறுநாள் அயோத்தி வழியாக கோரக்பூர், மூன்றாம் நாள் சுனௌலி எல்லை.

பேப்பர் விஷயம். உங்களுக்கும் மனைவிக்கும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை; ஆதார் போதாது. 65 தாண்டியதால் அம்மாவுக்கு ஆதாரே போதும். எல்லோரும் மறப்பது 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளைத்தான்: மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பள்ளி முதல்வரிடம் அடையாளச் சான்று வாங்குங்கள், பள்ளி மூடுவதற்கு முன்பே. காருக்கு எல்லையில் 'பன்சார்' போட வேண்டும், அதாவது நாள் கணக்கில் பணம் கட்டி வாங்குகிற சுங்க அனுமதிச் சீட்டு. ஒரு நாள் கூடுதலாகவே போட்டுக்கொள்ளுங்கள், மலையில் ரோடு அடைபட்டால் அபராதம் கட்டவேண்டி வராது. இன்னொன்று, நம் கார் இன்ஷூரன்ஸ் தானாக எல்லை தாண்டிச் செல்லாது. கிளம்புமுன் கூடுதல் பிரீமியம் கட்டி நேபாளத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள், இதைச் செய்யாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

பணத்துக்கு நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். நம் 100 அங்கே 160. கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளுங்கள். எல்லைக்கு அப்பால் உள்ள புட்வல் ஊரில் இருந்து தான்சேன் வழியாகப் போக்ரா சுமார் 160 கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்கு மேல் வளைவு, ஒரு முழுப் பகலை அதற்கே ஒதுக்குங்கள்.

லும்பினியை மட்டும் அவசரத்தில் முடித்துவிடாதீர்கள். மாயாதேவி கோயில் பக்கத்தில் அசோகர் தூண் நிற்கிறது. புத்தர் இங்கே பிறந்ததால் இந்த ஊருக்கு வரியைக் குறைத்தேன் என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறார். நம் தமிழ்க் கல்வெட்டுகளின் பழைய எழுத்துக்கு நெருங்கிய சொந்தம் அது. மகளுக்கு நாலைந்து தமிழ் பிராமி எழுத்துகளை முன்கூட்டியே காட்டிக் கூட்டிப்போங்கள், தூணைச் சுற்றியுள்ள கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே ஒன்றிரண்டைக் கண்டுபிடித்துவிடுவாள்.