குட்டைக்குத் தண்ணீர் எங்கிருந்து வர வேண்டும்? நீர்ப்பிடிப்பைக் கணினியில் வரைந்தறிதல்

கேள்வி: சூலூருக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊர்க் குட்டை, நல்ல மழை பெய்த ஆண்டுகளிலும் பாதிகூட நிறைவதில்லை. அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியை ஜிஐஎஸ் (கணினி வரைபட முறை) மூலம் வரைந்து, தண்ணீர் எங்கே தடைபடுகிறது என்று பார்க்க விரும்புகிறோம். மென்பொருள் பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. எங்கே தொடங்குவது? (விவசாயிகள் சங்கம் ஒன்றின் சார்பில் ஒரு வாசகர்)

பதில்: மென்பொருளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் கட்டணமின்றிக் கிடைக்கிறது. நீரியல் கணக்கீடுகளுக்குத் தேவையான, கிராஸ் என்ற இன்னொரு மென்பொருளின் கருவிகளையும் அதனுள்ளிருந்தே இயக்கலாம். சாதாரண மடிக்கணினி போதும். நீங்கள் நேரம் செலவிட வேண்டியது, எந்த நிலமட்டத் தரவை எடுக்கிறீர்கள் என்பதிலும், கணினி தரும் கோட்டை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள் என்பதிலும்தான்.

நிலமட்டத் தரவை டெம் என்பார்கள். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரத்தைக் குறித்த படம் அது. பலரும் முதலில் எடுப்பது, 2000 பிப்ரவரியில் விண்ணோடம் ஒன்றிலிருந்து ரேடார் மூலம் அளக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம். அதன் கட்டம் 30 மீட்டர். உயரங்கள் முழு எண்களாகவே பதிவாகியிருக்கின்றன. வெள்ளியங்கிரி மலைச்சரிவில் இது ஒரு குறையே அல்ல. சூலூர், பல்லடம் போன்ற மேட்டாங்காட்டு (மானாவாரி மேட்டுநில) பகுதியிலோ சரிவு மிக மெல்லியது என்பதால், ஒரு மீட்டர்ப் படிகளாக உடைந்த உயரங்களில் ஓடை இல்லாத இடத்தில் ஓடையும், இருக்கும் இடத்தில் வெறும் தட்டையும் தோன்றும். ஆகவே, தசம அளவில் உயரம் தரும் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர்த் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்டோப்போகிராஃபி தளத்திலிருந்து தரவிறக்கலாம். அதற்கும் ஒரு குறை உண்டு. அது தரையை மட்டும் அளந்ததன்று, தரைமேல் நிற்பவற்றையும் சேர்த்து அளந்தது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு அதில் சிறு மேடாக எழுந்து நிற்கும். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு போவதாகக் கணினி முடிவு செய்யும். தோப்பு மிகுந்த ஊர்க்காரர்கள், மரங்களின் உயரத்தைக் கழித்துத் திருத்திய ஃபாப்டெம் தரவைப் பார்ப்பது நல்லது.

தரவை வெட்டும்போது ஊர் எல்லையோடு நிறுத்தாமல் நான்கு புறமும் சில கிலோமீட்டர் தாராளமாக விடுங்கள். பிறகு அதை, இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் ஆய முறைக்கு மாற்ற வேண்டும். உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் அத்தகைய முறை. நொய்யல் வடிநிலம் முழுவதும் யுடிஎம் 43 வடக்கு மண்டலத்துக்குள் அடங்கிவிடுகிறது. க்யூஜிஐஎஸ்ஸில் அதன் எண் 32643. கரூர், நாமக்கல், சேலம் நகரங்கள் 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால், அங்குள்ளவர்கள் 44 வடக்கு மண்டலத்தை எடுக்க வேண்டும்.

அடுத்து, கிராஸில் உள்ள ஆர்.வாட்டர்ஷெட் கருவியை இயக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் நீர் எந்தப் பக்கம் வடியும், ஒரு கட்டத்துக்கு மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேரும் என்று அது கணக்கிட்டுத் தரும். இரண்டாவதைச் சேர்க்கைப் படம் என்போம். ஓடை தொடங்கும் வரம்பாக 500 கட்டங்களைக் கொடுத்துப் பாருங்கள். அது ஏறத்தாழ அரைச் சதுர கிலோமீட்டர். சேர்க்கைப் படத்தில் எங்காவது கழித்தல் குறியோடு எண்கள் வந்தால், நீங்கள் வெட்டிய எல்லைக்கு வெளியிலிருந்தும் அங்கே நீர் வரக்கூடும் என்று பொருள். உங்கள் குட்டையின் மேல் அப்படி வந்தால், இன்னும் அகலமாக வெட்டி மறுபடி தொடங்குங்கள்.

இதற்குப் பிறகு ஆர்.வாட்டர்.அவுட்லெட் கருவியிடம் குட்டையின் வடிமுனையை, அதாவது நீரெல்லாம் வந்து சேரும் புள்ளியை, சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கரையின் மேல் சொடுக்கினால், நான்கைந்து கட்டங்கள் கொண்ட ஒரு கீற்று மட்டும் நீர்ப்பிடிப்பாக வந்து நிற்கும். கலிங்குக்கு (மிகை நீர் வழியும் இடத்துக்கு) சற்று மேலே, சேர்க்கைப் படத்தில் எண் மிகப் பெரிதாக உள்ள கட்டத்தின் மேலேயே புள்ளி விழ வேண்டும்.

இவ்வாறு கிடைக்கும் எல்லை நிலத்தின் சரிவை மட்டுமே அறிந்தது. கொங்கு நாட்டில் தண்ணீர் சரிவை மட்டும் கேட்டு நடப்பதில்லை. கோவையின் கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி போன்ற குளங்கள் நொய்யலின் சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் பெறுபவை. அவற்றைச் சுற்றி எவ்வளவு துல்லியமாக நீர்ப்பிடிப்பு வரைந்தாலும் பாதிக் கதைதான் தெரியும். பல்லடம், சுல்தான்பேட்டைப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட) வாய்க்காலின் கரை பள்ளங்களைக் குறுக்கே கடக்கிறது; எந்த இடத்தில் பள்ளத்து நீர் அதன் அடியில் நுழைந்து போகிறது என்பது 30 மீட்டர்க் கட்டத்தில் தெரியாது. இட்டேரிகளும் அப்படித்தான். இரு விவசாயக் காடுகளின் வேலிக்கு நடுவே தாழ்ந்து கிடக்கும் அந்தத் தடம், பெருமழையில் ஓடையாகவே ஓடும். அதைத் தார்ச்சாலையாக உயர்த்தியிருந்தால் நீர் அடுத்த பள்ளத்துக்குத் திரும்பியிருக்கும்.

உங்கள் கேள்விக்கான விடை கல்குழிகளில் இருக்கவும் வாய்ப்புண்டு. காரணம்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிகள் நிறைய. அவற்றில் விழும் நீர் கீழே வராது. ஆனால், வடிகால் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக இக்கருவிகள் எந்தக் குழியையும் தாண்டி நீரைக் கொண்டுபோய்விடும். பழைய தரவில் புதுக் குழி இருக்கவும் இருக்காது. ஆகவே அண்மைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் குழிகளை வரைந்து, அந்தப் படத்தை ஆர்.வாட்டர்ஷெட்டின் 'டிப்ரஷன்' என்ற உள்ளீட்டில் கொடுங்கள். அங்கே நுழையும் நீர் வெளியேறாது என்று அது எடுத்துக்கொள்ளும். குழிகளோடு ஒருமுறை, குழிகள் இல்லாமல் ஒருமுறை இயக்கி, குட்டையின் மேற்புறக் கட்டத்தில் இரண்டு சேர்க்கை எண்களையும் ஒப்பிட்டால், எவ்வளவு நிலத்தின் நீர் உங்களுக்கு வராமல் போகிறது என்பது தெரியும். பஞ்சாயத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ பேசுவதற்கு அந்த ஒப்பீடு, வண்ண வண்ணமான எந்த வரைபடத்தையும் விட உதவும்.

வரைந்த எல்லையை அச்செடுத்து, கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று குறித்துள்ள கோடுகளோடு பொருத்திப் பாருங்கள். இரண்டும் விலகும் இடங்களுக்கு மட்டும், மழை பெய்துகொண்டிருக்கும்போதோ மறுநாள் காலையிலோ, பெரியவர்கள் யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு நடந்தால் போதும்.

குட்டையில் நீர் நிற்கும் பரப்பை ஆண்டுதோறும் அறிய சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் பயன்படும். அவை ஒளியின் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிப் பட்டையாகப் பதிவு செய்பவை. பச்சைப் பட்டையிலிருந்து அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீர் உள்ள 10 மீட்டர்க் கட்டங்களில் எண் பெரும்பாலும் சுழிக்கு மேலே வரும். ஆகாயத்தாமரை மூடிய நீரை இந்தக் கணக்கு நிலம் என்றே சொல்லும் என்பதால், படத்தைக் கண்ணாலும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் சனவரிப் படங்களையே ஆண்டுதோறும் எடுத்தால் ஒப்பீடு நேராக இருக்கும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே பவானி நீர் ஏற்றப்படுகிறது. உங்கள் குட்டையும் அப்பட்டியலில் இருந்தால், அதற்கு முந்தைய ஆண்டுகளின் படங்களை மட்டுமே மழையளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.