பார்வையற்ற மகளுக்கு 85,000 ரூபாயில் ‘பேசும் லேப்டாப்’ வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு சேர்கிறாள். தமிழ் வழி. மாற்றுத்திறனாளிகளுக்கான உபகரணங்கள் விற்கும் ஒருவர், வெளிநாட்டு மென்பொருள் போட்ட பேசும் லேப்டாப் 85,000 ரூபாய் என்கிறார். 10,000 முன்பணம் கட்டினால், பாதித் தொகையை அரசு மானியமாகத் திரும்ப வாங்கித் தருவாராம். நகையை அடகு வைத்து வாங்கிவிடலாமா? அது தமிழைப் படிக்குமா?

பதில்: வேண்டாம் அம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும். முன்பணமும் கட்ட வேண்டாம்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ‘பேசும் லேப்டாப்’ என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எந்தச் சாதாரண லேப்டாப்பிலும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளைப் போட்டால், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும். அதில் இரண்டு பெயர்கள் உங்கள் காதில் விழும். ஒன்று ஜாஸ். அமெரிக்க நிறுவனத்துடையது, நல்ல மென்பொருள், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். இன்னொன்று என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் எழுதத் தொடங்கி, இன்னொரு பார்வையற்ற நண்பருடன் சேர்ந்து வளர்த்தது. பார்வையுள்ளவர்கள் கணினி வாங்கினால் திரைக்குத் தனியாகப் பணம் கட்டுவதில்லையே, நாங்கள் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்றுவரை இலவசம். பதிவிறக்கும்போது நன்கொடை கேட்கும், கொடுக்காமலும் போகலாம். பள்ளி, கல்லூரிப் படிப்புக்கு உங்கள் மகளுக்கு இது தாராளமாகப் போதும்.

இடைத்தரகர்கள் விளையாடும் இடமும் இதுதான். ‘வெளிநாட்டு மென்பொருள், தனியாக 25,000’ என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு லேப்டாப்பை என்னிடம் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது என்விடிஏ. வெளிநாட்டுடையதுதான், அதில் பொய் இல்லை. இன்னொரு வகை உண்டு. ஜாஸின் இலவச மாதிரிப் பதிப்பைப் போட்டுவிட்டு முழு விலையை வாங்கிவிடுவார்கள். அது 40 நிமிடம்தான் ஓடும். அப்புறம் கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். ‘லேப்டாப் அடிக்கடி ஊமையாகிவிடுகிறது’ என்று அழாத குறையாகப் பேசும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பதைத்தான்.

அடுத்தது அந்த மானியக் கதை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் ஒன்றிய அரசின் ஏடிஐபி திட்டம் இருப்பது உண்மை. ஆனால் அதில் பொருளாகத்தான் கொடுப்பார்கள். உதவி உபகரணங்கள் தயாரிக்கும் ஒன்றிய அரசு நிறுவனமான அலிம்கோ போன்றவை முகாம் நடத்தி வழங்கும். நீங்கள் கடையில் வாங்கிய ரசீதைக் காட்டிப் பாதிப் பணத்தைத் திரும்பப் பெறும் திட்டம் அல்ல அது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, குடும்பத்தின் மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் முழு இலவசம். 30,000 வரை பாதி. ஒரு தேவைக்கு ஒருமுறை உபகரணம் வாங்கிவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு அதே தேவைக்கு மறுபடி கிடைக்காது. அதனால் ‘ஆதார் நகலும் ஒரு கையெழுத்தும் மட்டும் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பவரிடம் எதையும் கொடுத்துவிடாதீர்கள். தன் பெயரில் பேசும் புத்தகக் கருவி வழங்கப்பட்டதாகப் பதிவாகியிருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அந்தக் கருவி கறுப்பா சிவப்பா என்றுகூட அவன் வீட்டில் யாருக்கும் தெரியாது.

உங்கள் பக்கம் சட்டமே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 17ஆவது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள மாணவர்களுக்குப் புத்தகம், கற்றல் பொருள்கள், பொருத்தமான உதவி உபகரணங்கள் ஆகியவற்றை 18 வயதுவரை இலவசமாகத் தர அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ‘உதவி பெறும் பள்ளிக்கு அது வராது’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அரசு நிதி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற பள்ளி இரண்டையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. உங்கள் மகளுக்கு 18 ஆக இன்னும் இரண்டு மூன்று ஆண்டுதான். ஆகவே இந்த வாரமே தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்துக்கு ஒரு மனு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு ஒரு மனு. இரண்டுக்கும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டது கேட்டதாகவே கணக்கில் வராது. முகாமுக்குப் போனால் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடியைக் காட்டிய பிறகும் நான்கு நகல், மூன்று புகைப்படம், மறுபடி ஒரு மருத்துவச் சான்று என்பார்கள். பிறவியிலிருந்தே பார்வையில்லாத பெண்ணுக்கு இந்த ஆண்டும் பார்வை வரவில்லை என்று நிரூபிக்க வரிசையில் நிற்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதானே ஒரே அட்டை கொண்டுவந்தார்கள்? சரி, அதை இங்கே புலம்பி என்ன ஆகப்போகிறது. நகல்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. தமிழைப் படிக்குமா? படிக்கும். என்விடிஏவோடு வரும் தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். பழகினால் வேகமாகக் கேட்கலாம். விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்துக்கொண்டால் ‘வள்ளுவர்’ என்ற பெயரில் கொஞ்சம் மனிதக் குரல் கிடைக்கும். என்விடிஏவில் அதையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பாதிப் பேர் ‘மென்பொருள் சரியில்லை’ என்று தூக்கிப்போடுவது இதனால்தான். ஆசிரியர் கொடுக்கும் தமிழ்க் குறிப்பு எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது எல்லாம். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டியிருந்தால் சிக்கலில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் வந்தது வினை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரியும்போது கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். அவற்றுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கண்ணுக்கு அம்மா, ஸ்கிரீன் ரீடருக்கு எம் கே. உங்கள் மகளின் காதில் விழுவது அந்த உளறல்தான். குரலை மாற்றினாலும், 85,000 ரூபாய் மென்பொருளையே போட்டாலும் அப்படியேதான் விழும்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் படிக்கும். கோணல் மாணலாக வந்தால் படிக்காது. நகலெடுக்கவே முடியாவிட்டால் அது வெறும் படம். பிடிஎஃப் கோப்புகளில் இன்னும் கவனம் தேவை; யூனிகோடில் செய்ததுகூட பிடிஎஃப் ஆகும்போது சில சமயம் சிதைந்துவிடும். அப்படிப்பட்ட கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால், எழுத்தை அடையாளம் கண்டு யூனிகோடுத் தமிழாக மாற்றித் தரும். அச்சிட்ட பக்கமென்றால் போனில் கூகுள் லென்ஸ். அங்கங்கே பிழை வரும், பாடம் புரியும். வேர்டு கோப்பு என்றால் எழுத்துரு மாற்றி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகள் மேல்நிலை வகுப்பு வரை வந்துவிட்டார்கள். வினாத்தாள் மட்டும் இன்னும் பழைய எழுத்துருவை விட்டு வெளியே வரவில்லை. தமிழாசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள்: ‘ஐயா, யூனிகோடில் தட்டித் தர முடியுமா?’ பெரும்பாலும் தெரியாமல் செய்கிறவர்கள்தான், சொன்னால் மாறிவிடுவார்கள்.

வேறு புத்தகங்கள் வேண்டுமென்றால் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராக்குங்கள். பார்வையற்றோருக்காக நூலை மாற்றிக் கொடுப்பது பதிப்புரிமை மீறல் இல்லை என்று 2012இலேயே சட்டம் திருத்தியாகிவிட்டது.

லேப்டாப்பை நாளைக்கே வாங்க வேண்டிய அவசரம் இல்லை. வீட்டில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதல்லவா? அதில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் ஏற்கெனவே இருக்கும். அமைப்பில் போய் அதை இயக்கி, தமிழ்க் குரல் சேர்த்து, ஆயிரம் ரூபாய்ப் பக்கம் வரும் ஒரு புளூடூத் விசைப்பலகையை இணைத்துக் கொடுங்கள். இரண்டு மாதம் தட்டிப் பழகட்டும். தமிழில் தட்டத் தமிழ்99 என்ற விசை அமைப்பு. விரல் பழகாத பிள்ளைக்கு எந்த லேப்டாப்பும் பாரம்தான். பயிற்சிக்குப் பூந்தமல்லியில் உள்ள தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையத்தைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்காக பிரெய்லை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு மனமும் மணமும், கறியும் கரியும் ஒன்றுதான். விரலால் படித்தால்தான் எழுத்து மனத்தில் நிற்கும்.

அரசிடமிருந்து வராமல் போய், கைக்காசில் வாங்கும் நிலை வந்தால் சாதாரண லேப்டாப்பே போதும்: 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. 35,000, 40,000 ரூபாய்ப் பக்கம் பாருங்கள். கடைக்காரர் திரையின் பளிச்சைக் காட்டி விலையை ஏற்றுவார். உங்கள் மகளுக்கு அது எதற்கு? அவளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். விசைப்பலகையை அவள் தடவிப் பார்க்கட்டும். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும். அது விரலுக்குச் சட்டென்று தட்டுப்படுகிறதா, எண் விசைகள் வலப்பக்கம் தனியாக இருக்கின்றனவா என்று அவளே சொல்லட்டும்.