அக்காவைக் கேளுங்கள்: பதின்மூன்று சனிக்கிழமைகள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். குளிர் முடிந்ததும் சைக்கிளில் சுற்றலாம், ஆற்றோரம் நடக்கலாம் என்று மூன்று மாதமாகப் பேசி வைத்திருந்தோம். இளவேனில் வந்துவிட்டது. ஆனால் ஒரு சனி என் அம்மா வீடு, அடுத்த சனி மாமியார் வீடு. ஞாயிறு துணி துவைப்பதிலும் தூங்குவதிலும் கழிந்துவிடுகிறது. போன வாரம் அவர், "இந்த மாசம் உங்க வீட்டுக்கு ரெண்டு தடவை போயாச்சு" என்று கணக்குச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போகாமல் இருக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: கண்ணு, உன் கடிதத்தைப் படித்ததும் எங்கள் பழைய அடுக்களைச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான முதல் வருஷம் அதில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். என் அம்மா வீட்டுக்குப் போகும் நாளில் பென்சிலால் 'அ' என்று எழுதுவேன், அவர் வீட்டுக்குப் போகும் நாளில் 'மா'. ஏப்ரல் தாளைக் கிழிக்கும்போது எண்ணிப் பார்த்தேன். மூன்று 'மா', ஒரு 'அ'. அன்று ராத்திரி பெரிய சண்டை. மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாதத்தில் வெறும் சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. நாங்கள் இருவர் மட்டும் இருந்திருக்க வேண்டிய நாள் எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. யாருக்குக் கூட, யாருக்குக் குறைச்சல் என்பதிலேயே இருந்துவிட்டோம்.

வருஷத்தை நான்கு பருவமாகப் பிரிக்கும் கணக்கில் இளவேனில் என்பது மூன்று மாதம். 13 சனிக்கிழமை, அவ்வளவுதான். அதில் ஒன்று மழையில் போகும், ஒன்று யாருக்காவது காய்ச்சலில், ஒன்று ஆபீஸ் வேலையில், ஒன்று யார் வீட்டுக் கல்யாணத்திலாவது. மீதி எட்டோ ஒன்பதோதான் உங்கள் கையில். அதைப் பாகம் பிரிக்க உட்காருவதற்கு முன்னால் உங்களுக்கென்று மாதத்தில் இரண்டு நாளை எடுத்து வையுங்கள். மிச்சத்தில்தான் மற்ற பேச்சு. நாங்கள் மே மாதத் தாளில் அப்படித்தான் செய்தோம். முதலில் இரண்டு கட்டத்தில் சின்ன வட்டம் போட்டோம், அதற்குப் பிறகுதான் 'அ'வும் 'மா'வும் எழுதினோம்.

சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் ஓய்வு என்பதே ரொம்பப் பழைய விஷயமில்லை. ஃபோர்டு கார் நிறுவனம் தன் ஆலைகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்று ஆக்கியது 1926-ல். அதற்கு முன்பு உழைக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்தான். உறவுகளைப் பார்ப்பதற்கும் வீட்டைப் பார்ப்பதற்கும் அதிலேயே நேரம் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குக் கிடைக்காத இரண்டாவது நாள் உனக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் துணி மூட்டையிடம் கொடுத்துவிடாதே. துவைக்கிற வேலையை வியாழன் ராத்திரிக்கு மாற்று. நான் மாற்றினேன், இன்றுவரை அப்படித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். "இந்த வாரம் வரலை" என்று சொல்ல வேண்டியது யாருடைய அம்மாவோ அவர்தான். உன் அம்மாவுக்கு நீ ஃபோன் செய், அவருடைய அம்மாவுக்கு அவர் செய்யட்டும். சொல்லும்போது "நாங்க" என்றே சொல்லுங்கள். "அவ வர முடியாதுங்கறா" என்று ஒரு தடவை வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், அந்த ஒரு வரியை மாமியார் பத்து வருஷத்துக்கு மறக்க மாட்டார்.

பகல் நீண்டுகொண்டே போகிற காலம் இது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள். மார்ச் 20, 21 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும். (பூமியின் தென்பாதியில் இருப்பவர்களுக்கு இளவேனில் செப்டம்பரில் பிறக்கும்.) பூமத்திய ரேகையை விட்டு விலக விலக மாற்றம் வேகமாக இருக்கும். 50 டிகிரி அட்சரேகையில் அந்த நாட்களில் தினமும் கிட்டத்தட்ட 4 நிமிடம் பகல் கூடுகிறது. ஒரு சனிக்கும் அடுத்த சனிக்கும் நடுவில் 25 நிமிடத்துக்கு மேல் வெளிச்சம் சேர்ந்துவிடுகிறது. குளிர்காலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இருட்டியிருக்கும், அன்றைய நாள் முடிந்தது. இப்போது காலையிலேயே போய் மூன்று மணிக்குக் கிளம்பினால், வீட்டுக்கு வந்த பிறகும் நடப்பதற்கு வெளிச்சம் இருக்கும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிற நாட்டில் இருந்தால் அந்த ஒரு ஞாயிறு மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. தூக்கம் கெட்ட முகத்தோடு போகிற இடத்தில் நல்ல பேச்சு வராது.

கேள்வி: மனைவி வீட்டுக்குப் போனால் மாமனாரோடு என்ன பேசுவதென்றே தெரியவில்லை அக்கா. நல்ல மனிதர், ஆனால் இரண்டு பேரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மனைவி உள்ளே அவள் அம்மாவோடு சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்கு எப்போதடா கிளம்புவோம் என்று இருக்கிறது. இதைச் சொன்னால் அவளுக்கு வருத்தம்.

பதில்: தம்பி, அந்த சோபாவை விட்டு எழுந்திருங்கள். மாமனாரையும் எழுப்புங்கள்.

என் மாமனார் அதிகம் பேசாதவர். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். "வாம்மா", "சாப்டியா", "பாத்துப் போங்க". நானும் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரு சனிக்கிழமை, குளிர் விட்டும் விடாமலும் இருந்த நேரம். பின்வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பி, "வரியாம்மா, நடந்துட்டு வரலாம்" என்றார். எனக்கு ஆச்சரியம். கூடவே போனேன்.

கொஞ்ச தூரத்தில் இலையெல்லாம் உதிர்ந்த மரம் ஒன்று நின்றது. தாழ்ந்த கிளையை வளைத்து, நுனியில் இருந்த மொட்டு ஒன்றைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். மேலே பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக மூடியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு செதிலாக உரித்தார். உள்ளே வெளிர்பச்சையில் ஒரு முழு இலை, புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக அடங்கியிருந்தது. அதன் மேல் பஞ்சு போல மெல்லிய ரோமம். "இது இப்ப வந்ததில்லைம்மா. போன கோடையிலயே செஞ்சு வெச்சிடும். குளிர் முழுக்க இப்படியே மூடி வெச்சிருந்து இப்பத்தான் திறக்குது" என்றார். மரத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு தெரியும் என்பது என் வீட்டுக்காரருக்கே தெரியாது.

திரும்பி வரும் வழியில் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார், சின்ன வயதில் வேலை போய் நான்கு மாதம் வீட்டில் சொல்லாமல் இருந்ததைச் சொன்னார். எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை வந்திருக்காது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, பேச்சு நின்றுபோனாலும் சங்கடமில்லை, காலாவது நடந்துகொண்டிருக்கும். அதிகம் பேசாத ஆண்களுக்கு அது பெரிய உதவி.

அதனால் அடுத்த தடவை அவரோடு வெளியே போங்கள். நடக்க முடியாதவர் என்றால் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். இல்லையென்றால் ஏதாவது வேலை கேளுங்கள், ஏணியைப் பிடிக்கவோ, தொட்டிக்கு மண் மாற்றவோ. "எனக்கு இது தெரியாது மாமா, சொல்லிக் குடுங்க" என்று கேட்கும் மருமகனை எந்த மாமனாருக்கும் பிடிக்கும். வெளியே போகும் ஆசையையும் உறவைப் பார்க்கப் போவதையும் எதற்கு வேறு வேறு நாளாகப் பிரிக்கிறீர்கள்? பாதி சண்டை அங்கேதான் பிறக்கிறது. இதைச் சொல்லவே நான் இந்த வாரம் இத்தனை கடிதங்களை எடுத்தேன்.

கேள்வி: களைப்பாக இருக்கிறது என்று ஒரு வாரம் போகாமல் இருந்தால் தவறா?

பதில்: தவறில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுங்கள். சனி காலை பத்து மணிக்குச் சொன்னால் அங்கே அடுப்பில் உங்களுக்கான சமையல் பாதி வெந்திருக்கும்.

கேள்வி: மாமியார் வீட்டைச் சுற்றி நிறைய மரங்கள். மார்ச், ஏப்ரலில் அங்கே போனாலே தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீர். நான் அந்த வீட்டுக்கு வரப் பிடிக்காமல் சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். கணவருக்கும் லேசாக அந்தச் சந்தேகம் இருக்கிறது.

பதில்: சந்தேகம் வேண்டாம், இது நிஜமான உபாதை. ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கிலேய மருத்துவர் வருஷா வருஷம் தனக்கே வந்த இதே தொல்லையை 1819-ல் மருத்துவர்கள் சபையில் விவரித்தார். காரணம் மகரந்தம் என்பது பிறகுதான் தெளிவானது. பல மரங்கள் இளவேனிலின் தொடக்கத்தில் மகரந்தத்தைக் காற்றில் விடும், புற்கள் அதற்குப் பின்னால் வரும். காய்ந்து காற்றடிக்கும் நாளில் அதிகமாக இருக்கும், நல்ல மழைக்குப் பிறகு குறைந்திருக்கும். அதனால் முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். அங்கே ஜன்னலை மூடி வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் தலைக்குக் குளித்து உடுப்பை மாற்றுங்கள், முடியில் ஒட்டி வரும் மகரந்தம் ராத்திரி தலையணைக்கு ஏறிவிடும். வெளியே காயப்போட்ட துணியிலும் அது ஒட்டும்.

டாக்டரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் தூக்கம் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பழைய வகை மாத்திரைகளில் சில நன்றாகத் தூங்க வைத்துவிடும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. இழுப்பு வந்தாலோ மூச்சு முட்டினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இரண்டு மாதமும் மாமியாரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிடுங்கள். கூப்பிடுவது உங்கள் வாயிலிருந்து வரட்டும். சாக்கு என்ற பேச்சு அதோடு நின்றுவிடும். டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள், அவரும் காதால் கேட்கட்டும்.

கேள்வி: நான் எழுதுவது இன்னொரு பக்கத்திலிருந்து. எனக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை மாப்பிள்ளையோடு வருகிறாள், நான்கு மணி நேரம் இருப்பாள். மூன்று நாளாகக் காத்திருந்து, வந்ததும் எங்கே போகப் போகிறாளோ என்ற பயத்திலேயே அந்த நேரம் தீர்ந்துவிடுகிறது. அவர்கள் போன பிறகு ஏன் அப்படி முகம் தூக்கி வைத்துக்கொண்டேன் என்று அழுகிறேன். சின்னஞ்சிறுசுகள் சந்தோஷமாகச் சுற்ற வேண்டிய வயசு என்று புத்திக்குத் தெரிகிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பழந்தமிழ்ப் பாட்டுகளில் இளவேனில் என்பது பிரிந்து போனவர் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போன பருவம். குயில் கூவிவிட்டது, மரம் பூத்துவிட்டது, அவரைத்தான் இன்னும் காணோம் என்று வாசலைப் பார்த்திருப்பாள் தலைவி. அம்மாக்களின் காத்திருப்பும் அப்படிப்பட்டதுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

நான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் நீங்கள் அடுப்படியில் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் அம்மா அப்படித்தான். முந்தின நாளே முடிந்ததைச் செய்து வைத்துவிடுங்கள், குறைந்தால் குறையட்டும். அவள் வந்ததும் நீங்களும் உட்காருங்கள். அவளோடு மட்டும் பதினைந்து நிமிடம் வெளியே நடங்கள். மாப்பிள்ளை அந்த நேரம் அப்பாவோடு இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். கேட்டுக்கொண்டு போங்கள், சாப்பிட்டுவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள்.

கிளம்புகிற நேரம்தான் கஷ்டம், எனக்குத் தெரியும். என் மாமியார் நாங்கள் பையை எடுத்ததும் "அதுக்குள்ளயா?" என்பார். அந்த ஒரு வார்த்தையில் அதுவரை பேசிச் சிரித்ததெல்லாம் குற்றம் மாதிரி ஆகிவிடும். காரில் அரைமணி நேரம் நாங்கள் இருவரும் பேச மாட்டோம். என்ன நினைத்தாரோ, ஒரு வருஷம் அதை விட்டுவிட்டார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இன்னும் வெயில் இருக்கு, எங்கயாவது நின்னு நடந்துட்டுப் போங்க" என்றார். அன்றைக்கு வழியில் ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவருக்கு ஃபோன் செய்து, எங்கே நின்றோம், என்ன பார்த்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த சனிக்கிழமை எங்கள் வட்டம் போட்ட நாள். நாங்கள் இருவரும் பேசி அவரையும் கூட்டிக்கொண்டு அதே பாலத்துக்குப் போனோம்.